உள்ளே வரலாமா என்று கேட்கும் நடனம்

வாசலில்

கதவுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று பாட்டில் கேட்பதிலிருந்துதான் எங்கள் தொழில் தொடங்குகிறது; அன்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம், நான் பிறந்த தோட்டத்தில், தொழிலாளர் பிள்ளைகளை ஒரு காலத்தில் பார்த்துக்கொண்ட, இப்போது பிள்ளைகள் வராமல் போன பழைய ஆயாக்கொட்டகை அது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தோம். அதற்குள்ளிருந்து, ஹவாய்த் தீவிலிருந்து, என் குமு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமு என்றால் ஹூலா நடனம் சொல்லித்தரும் ஆசிரியர். வெளியே மழை ஈரத்தில் நாங்கள் நான்கு பெண்கள், கழுத்தில் பச்சை இலை மாலையோடு.

பாடியது சரியாக இருந்தால் குமு உள்ளிருந்து பதில் பாட்டுப் பாடுவார். அதைக் கேட்ட பிறகுதான் காலை எடுத்து உள்ளே வைக்கலாம். பாடாவிட்டால் நிற்க வேண்டியதுதான். எனக்கு வழக்கமாக இரண்டாவது தடவையில் பதில் வந்துவிடும். அன்று வரவில்லை. அவரைக் கேட்காமலேயே நான் இந்த மூன்று பேருக்கும் ஹூலா சொல்லிக்கொடுத்திருந்தேன். குமுவின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் சொல்லித்தரக் கூடாது என்பது விதி. விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பதில் பாட்டு வந்தால் எங்கள் வகுப்பு தொடரும். வராவிட்டால் அன்றோடு முடிந்தது.

நடனமோ பாட்டோ தையலோ சொல்லிக்கொடுத்து, தன் மாணவர்கள் பார்க்கத் தன் ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களில் யாராவது இருந்தால், நான் ஏன் கைப்பேசியை நேராகப் பார்க்கவில்லை என்று அவர்களுக்குப் புரியும். மூன்றாவது பாட்டின் நடுவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு போனது. பாட்டு அதில் காணாமல் போயிற்று. பக்கத்தில் நின்ற மேரியக்கா என் முழங்கையைத் தொட்டுச் சொன்னார்: “போனுல இருக்கற அந்தப் பிள்ளைக்குக் கேட்டிருக்காது. லாரி போகட்டும், திரும்பப் பாடுவோம்லா.”

ராபியா பாவாடை

ஹூலாவைத் தப்பாக ஆடித்தான் நான் பிழைக்கத் தொடங்கினேன். போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு ஹோட்டல். வாரம் முழுக்க அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றுவது என் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் நீச்சல் குளத்தருகே ‘ஹவாய் விருந்து’. பெட்டி கட்டும் ராபியா கயிற்றைச் சீப்பால் கிழித்துக் கிழித்துப் பாவாடை செய்வோம். இடுப்பை ஆட்டு, சிரி, வருகிறவர் கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை போடு. எனக்குக் கிடைத்த பயிற்சி இவ்வளவுதான். கடிந்து சொல்ல மாட்டேன். அந்தப் பாவாடைதான் என் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது.

ஒரு சனிக்கிழமை, முன் மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். ஹவாய்க்காரர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். உங்கள் கைகள் என்ன சொல்கின்றன என்று மட்டும் கேட்டார். ‘வெல்கம்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கீழே கொண்டுவந்தார். என் விரல்களில் மழை இறங்கியது. மண்ணைத் தொட்டது. ஹூலாவில் கை சொல்லும், கால் அதைத் தாங்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்ல நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிக்கட்டுப் பிடிதான் ஞாபகம் வரும். போகும்போது என் இடுப்பைப் பார்த்துச் சொன்னார்: “இதற்குப் பாவாடைகூட வேண்டாம். மழை என்ற சொல் தெரிந்தால் போதும்.”

அவருக்கு வெள்ளி, எனக்குச் சனி

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த வருடம் ஹோட்டலைச் சாத்தினார்கள். அம்பாங்கான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் ஹூலா வகுப்பு என்று தேடினேன். திரையில் நிறையப் பேர் வந்தார்கள், எல்லாருக்கும் ராபியா பாவாடை. கடைசியில் ஒருத்தர் சாதாரணப் பருத்திப் பாவாடையில், முகத்தில் சிரிப்பே இல்லாமல், மழையை இறக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் லெயிலானி, என் குமு. என் மூத்த மகளைவிட ஒரு வயது கூடுதல். சேர்த்துக்கொள்வாரா என்று எழுதிக் கேட்டேன். இருபது வருடம் எதை ஆடினேன் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். ‘வாருங்கள், மறப்பதில் இருந்து தொடங்கலாம்’ என்று பதில் வந்தது. அவருக்கு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி, எனக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணி. மூன்று மாதம் கால் மட்டும். கை கிடையாது.

அனுமதிப் பாட்டைக் கற்றுக்கொண்டதும், அதை ஒரு வாசலுக்கு வெளியே நின்றுதான் பாட வேண்டும் என்றார். எனக்கு இருந்தது என் வீட்டு வாசல் ஒன்றுதான். கைப்பேசியைக் கூடத்தில் காலணித் தட்டின் மேல் வைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் நின்று, என் வீட்டைப் பார்த்து நானே உருக்கமாகப் பாடினேன். குமு பதில் பாடவில்லை. திரும்பப் பாடினேன். மூன்றாவது வாரம் எதிர்வீட்டு சுப்ரா அங்கிளால் தாங்க முடியவில்லை. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, முகக்கவசத்தோடு வேலி வரைக்கும் வந்து மெதுவாகக் கேட்டார்: “என்னம்மா, மாப்பிள்ளை இன்னும் கதவத் தொறக்கலையா? வேணும்னா நான் வந்து ஒரு வார்த்த பேசவா?”

முட்டி

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு மேரியக்காவைப் பார்க்கப் போனேன். நாங்கள் இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் பால் வடியப் பட்டை கீறி மரம் வெட்டினார், செம்பனை வந்தபின் நாற்றுமேடையில் வேலை, இப்போது ஓய்வு. அவருடைய தங்கை மகள் பிரியா, செனவாங் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, அன்று வீட்டில் இருந்தாள். என்ன படிக்கிறீர்கள் ஆன்ட்டி என்று பிரியா கேட்டதால் எழுந்து காட்டினேன். ஹூலாவில் முட்டியை மடக்கி இறங்கி, அப்படியே ஒரு பாட்டு முழுக்க நிற்க வேண்டும். பிரியாவும் எழுந்து செய்தாள். அரை நிமிடத்தில் அவள் தொடை தந்தி அடித்தது.

மேரியக்கா பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். இறங்கினார். எழவில்லை. நான் ஒரு பாட்டுப் பாடி முடித்தேன். அவர் அப்படியே நின்று வெளியே கோழியை விரட்டினார். குமு என்னிடம் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த முட்டி அது. என் பொறாமையை என்னால் மறைக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறு ஆயாக்கொட்டகையின் சாவியை வாங்கினோம். நான் சொல்லித்தரவில்லை, சேர்ந்து பயிற்சி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தப் பொய்யை உங்களில் எத்தனை பேர் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. முட்டி வலிக்கவில்லையா என்று பிரியா கேட்டதற்கு மேரியக்கா சொன்னது: “கீழ்வெட்டு மரத்தக் குனிஞ்சு வெட்டுனா இடுப்பு போயிரும். முட்டிய மடக்கித்தான் வெட்டணும். முப்பது வருசம் அப்பிடித்தான் நின்னேன், அப்ப யாரும் கை தட்டல.”

கோழிக்குப் பக்கத்தில் கீரை

மூன்றாவதாக வந்தவர் நூர்ஜஹான். பக்கத்து ஊரான சுவாவில் கணவரோடு சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். தோட்டத்துக்கு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொண்டுவருவார்; இரண்டு வாரம் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் கூடையோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆட மாட்டேன், மேடை ஏற மாட்டேன், தாளம் தட்டுகிறேன் என்றார். ஹூலாவுக்குத் தாளம் ஈப்பு. இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, தரையில் தட்டியும் கையால் அடித்தும் வாசிப்பது. தோட்டத்துச் சுரைக்காய் இரண்டு பூசணம் பிடித்து அழுகின. மூன்றாவது நாற்றத்தில் நாங்களே வெளியே ஓடினோம். நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து பேசின. பரோட்டா மாவை அடித்துப் பழகிய உள்ளங்கை அவருக்கு. முதல் அடியிலேயே கொட்டகையின் தகரம் அதிர்ந்தது.

ஆடுவதற்கு இலை மாலை வேண்டும். ஹவாயில் பாதுகாப்புக்காக வீட்டைச் சுற்றி வைக்கும் ஒரு செடியின் நீண்ட பச்சை இலை. இங்கே மலாய்க்காரர்கள் அதை ஜென்ஜுவாங் என்பார்கள். இலையின் நடு நரம்பை உருவிவிட்டு ஒரு நாள் உறைபெட்டியில் வைத்தால் துவண்டுபோகும். பிறகு கயிறு திரிப்பதுபோல முறுக்கலாம். பெரிய உறைபெட்டி நூர்ஜஹான் கடையில்தான் இருந்தது. கோழிக்கும் கணவாய்க்கும் நடுவில் கட்டுக்கட்டாக இலையைப் பார்த்த அவர் கணவர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “இது எந்த ஊருக் கீரை? சோத்துக்கா, இல்ல உங்க டீச்சருக்கா?”

செடியிடம் கேட்பது

அந்தச் செடி ஆயாக்கொட்டகையின் மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், யாரும் வைக்காமலேயே புதராக வளர்ந்திருந்தது. இலை பறிக்கும் முன் செடியிடம் கேட்க வேண்டும் என்பது குமுவின் பாடம். எதற்காகப் பறிக்கிறோம், எத்தனை வேண்டும் என்று சொல்லிக் கேட்பது. ஆடி முடித்த பிறகு மாலையைக் குப்பையில் போடக் கூடாது. எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் பகுதியை மட்டும் நான் மூன்று பேருக்கும் சொல்லியிருந்தேன். இரண்டாவது பகுதியை அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். ஏனென்று கேட்டால், பாடம் நடத்துகிற அவசரம்.

நான் செடி முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் கைகட்டிப் பின்னால் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் மோட்டாரில் வந்து நிறுத்தினார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார். எந்தக் கேலியும் இல்லாமல், அலுவலக முறையை நினைவுபடுத்தும் குரலில் சொன்னார்: “எஸ்டேட் செடிம்மா இது. மேனேஜர்ட்ட கேக்கணும். செடிட்டயே நேரடியா கேக்கறீங்களே.”

டத்தோவின் கழுத்து

தோட்டப் பள்ளியில் படித்த பழைய மாணவர்கள் லுக்குட்டில் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். ஹவாய் ஆட்டம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். குமுவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். மேரியக்காவின் முட்டியை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. ஆடினோம். நூர்ஜஹான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஈப்பு தட்டினார். மண்டபத்தில் பிள்ளைகள் ஓடுவதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேரியக்கா மழையை இறக்கியபோது, அவரோடு மரம் வெட்டிய இரண்டு பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும், டத்தோ பட்டம் பெற்ற தலைமை விருந்தினருக்கு மாலை மரியாதை என்று அறிவித்தார்கள். மாலை சிரம்பானிலிருந்து வரும் வழியில் ஜாமில் நின்றுகொண்டிருந்தது. டத்தோ எழுந்து நிற்கிறார், கை தட்டுகிறார்கள், மாலை இல்லை. அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். விழா நடத்தியவர்களுக்கு அந்தப் பார்வை தெரிந்திருக்கும். நான் என் இலை மாலையைக் கழற்றி டத்தோவுக்குப் போட்டேன். டத்தோ நல்ல மனிதர். நாமெல்லாம் செய்வதைத்தான் செய்தார். கும்பிட்டார், அடுத்த நொடியே மாலையைக் கழற்றிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். நம் ஊரில் அது பணிவு. கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தால்தான் ஆணவம் என்று பேசுவார்கள். ஹவாயில் போட்டவர் கண்ணெதிரில் மாலையைக் கழற்றுவது முகத்தில் அடிப்பது மாதிரி. கைதட்டலில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. வீட்டுக்கும் மகிழ்ச்சியாகப் போனேன்.

பிரியா வீடியோவை ஹூலா என்று பெயர் போட்டு ஏற்றிவிட்டாள். மூன்றாம் நாள் குமுவிடமிருந்து செய்தி. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. டத்தோவைப் பற்றியும் இல்லை. அந்த மாலையின் இலைகள் இப்போது எங்கே என்று ஒரு வரி. மண்டபத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கூட்டி அள்ளியாகிவிட்டது, குப்பை லாரியும் வந்து போய்விட்டது என்றார்கள். ‘தெரியவில்லை, குப்பைக்குப் போயிருக்கும்’ என்று எழுதினேன். எழுத ஆரம்பித்த வேகத்தில் மற்றதையும் எழுதிவிட்டேன்: ஒன்றரை வருடமாகக் கேட்காமல் சொல்லிக்கொடுக்கிறேன், மூன்று பேர். மறுநாள் பதில் வந்தது: “சனிக்கிழமை எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

வாசலில், மறுபடியும்

லாரியின் சத்தம் சாலை வரைக்கும் போய் அடங்கியது. அனுமதி கேட்காமல் சொல்லிக்கொடுத்ததை மூன்று பேரிடமும் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். இலைகளைப் பற்றிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நான்காவது தடவை பாட மூச்சை இழுத்தபோது குமு கையை உயர்த்தினார். ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். அதே கேள்வி: இலைகள் எங்கே?

“என்ன கேக்குது அந்தப் பிள்ளை?” என்றார் மேரியக்கா, பிரியாவிடம்.

“அன்னிக்கி டீச்சர் டத்தோவுக்குப் போட்ட மாலை எங்கன்னு கேக்கறாங்க பெரியம்மா.”

“செடியடியிலதான் கெடக்கு,” என்றார் மேரியக்கா. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். “மண்டபத்துல மேசைக்கடியில கேக் டப்பாவோட கெடந்துச்சு. எடுத்துப் பையில வச்சேன். வந்து எறங்குனதும் கொண்டு போயி போட்டுட்டேன்.”

பிரியா ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டுக் குமு திரைக்கு அருகே நகர்ந்தார். ஏன் என்று கேட்டார்.

மேரியக்காவுக்கு இது என்ன கேள்வி என்று இருந்தது. “மாதாவுக்கு வச்ச பூவயே நாங்க கால் படுற எடத்துல போட மாட்டோம். இது இவ செடிட்ட கேட்டுப் பறிச்சது. கேட்டு வாங்குனதக் குப்பையில போடலாமா?”

பிரியா இதை மொழிபெயர்க்க இரண்டு தடவை தடுமாறினாள். நூர்ஜஹான் இடையில் புகுந்து மலாயில் உதவப் பார்த்து, குமுவுக்கு மலாய் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டார். குமு எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஸ்டெல்லா, இதை நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. “இல்லை, குமு. அந்தப் பாடத்தை நான் நடத்தவில்லை” என்றேன்.

குமுவுக்குப் பின்னால் அங்கேயும் மழை பெய்துகொண்டிருந்தது, நேற்றைய வெள்ளிக்கிழமை மழை.

“சரி. இந்தத் தடவை மேரி ஆரம்பிக்கட்டும்” என்றார்.

மேரியக்கா முக்காட்டைச் சரிசெய்வதுபோல இலை மாலையைச் சரிசெய்துகொண்டார். முதல் வரியை அவர் எடுத்தார். மாதா கோயில் பூசைப் பாட்டுக்குப் பழகிய குரல், உச்சரிப்பு கொஞ்சம் தோட்டம், கொஞ்சம் ஹவாய். நாங்கள் மூன்று பேரும் பின்னால் சேர்ந்துகொண்டோம். முடித்ததும் ஒரு கோழி கூவியது. அதன் பிறகு உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, குமுவின் பதில் பாட்டு வந்தது. நீளமான பாட்டு. அதில் ஓர் இடத்தில் என் பெயரும் வந்தது, சொல்லிக்கொடுக்கிறவள் என்ற சொல்லோடு சேர்ந்து.

ஆக, இருபது வருடம் தப்பாகவும் சில வருடம் சரியாகவும் ஆடி இந்தத் தொழிலில் நான் முன்னேறிய மொத்தத் தூரம், வாசலுக்கு வெளியிலிருந்து வாசலுக்கு உள்ளே.

மேரியக்கா முதலில் நுழைந்தார். பிரியா அடுத்து. ஈப்பைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு நூர்ஜஹான். அவரவர் செருப்பு அங்கங்கே கிடந்தது. யாருடைய மாலையிலிருந்தோ முறுக்கு அவிழ்ந்து ஒரு துண்டு இலை படியில் விழுந்திருந்தது. உள்ளே ஈப்பின் முதல் அடி கேட்டது. நான் குனிந்து இலையை எடுத்து, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வெறுங்காலோடு நடந்து, செடியின் அடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.